மலை இறக்கத்தில் இறுகிப்போன ஸ்டியரிங்: காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், வாரன்டி பிறகு பேசும்

கேள்வி: நான் தருமபுரியில் வசிக்கிறேன். வத்தல்மலையில் எங்களுக்குக் காபித் தோட்டம் இருக்கிறது. அதுதான் குடும்பத்தின் வருமானம். தோட்டத்துக்குப் போய்வருவதற்காக இருபது மாதங்களுக்கு முன்பு, நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஜீப் வகை வண்டி ஒன்றைச் சேலத்தில் கடனுக்கு வாங்கினேன். வாரன்டி மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர். இதுவரை 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில், பனிமூட்டத்தில் விளக்குகளைப் போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் ஒரே நொடியில் இறுகிவிட்டது. ஸ்டியரிங் படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரிந்தது. ஓரம் கட்டிச் சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, பழுது எதுவும் இல்லை, பேட்டரி முனையைச் சுத்தம் செய்திருக்கிறோம் என்றார்கள். அதே மலையில், அதேபோல ஒரு மாலையில், மறுபடியும் நடந்தது. இந்த முறை, பெரிய டயர் போட்டிருக்கிறீர்கள், ஓடைத் தண்ணீரில் இறக்கியிருக்கிறீர்கள், ஆகவே வாரன்டி கிடையாது, ஸ்டியரிங் அமைப்பை மாற்ற 74,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். அடுத்த வாரம் வண்டியை ஓட்டிக்கொண்டு நேரில் போய்ப் பேசலாம் என்றிருக்கிறேன். வண்டியை ஓட்டலாமா? வாரன்டியை அவர்கள் மறுக்க முடியுமா? புது வண்டியே கேட்கலாமா? கடந்த ஆண்டு இங்கே ஒரு கடையில் முன்பக்கம் எல்இடி விளக்குப் பட்டை ஒன்று பொருத்தினேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

– வாசகர், தருமபுரி

பதில்: அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் மூன்று கேள்விகளில் முதலாவது உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அதை உடனே சொல்லிவிடுகிறேன். காரணம் கண்டுபிடிக்கப்பட்டு, பழுது நீக்கப்பட்டு, சோதனை ஓட்டமும் முடியும் வரை அந்த வண்டியை நீங்களோ உங்கள் வீட்டில் வேறு யாருமோ ஓட்டக் கூடாது. சேலத்துக்கு ஓட்டிச்செல்லும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். தருமபுரியிலிருந்து சேலம் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர் கணவாயில் இறங்குவதும், பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள்மீது மோதுவது அந்த இறக்கத்தில் திரும்பத் திரும்ப நடப்பதும் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த இடத்தில் உங்கள் ஸ்டியரிங் இறுகினால் ஒதுங்குவதற்கு இடமும் கிடைக்காது, நேரமும் கிடைக்காது. புது வண்டிகள் பலவற்றுக்குச் சாலையோர உதவித் திட்டம் வாரன்டியோடு சேர்ந்தே வருகிறது. உங்கள் வண்டிக்கும் இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்து, அந்த எண்ணுக்கு அழைத்து, வண்டியைத் தளத்தின் மேல் ஏற்றிச்செல்லும் ரெக்கவரி வாகனத்தை அனுப்பச் சொல்லுங்கள். நான்கு சக்கர இயக்க வண்டியை இரண்டு சக்கரங்களைத் தூக்கி, மற்ற இரண்டைத் தரையில் உருட்டி இழுத்தால் கியர் அமைப்பு கெட்டுப்போகலாம் என்பதால், நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாத வகையில்தான் ஏற்ற வேண்டும் என்பதையும் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இனி, நடந்தது என்ன என்பதைப் பார்ப்போம். விளக்கு எரிந்ததையும், சாவியை அணைத்துப் போட்டதும் சரியானதையும் வைத்துப் பார்த்தால், உங்கள் வண்டியில் இருப்பது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பழைய வகை பவர் ஸ்டியரிங் அல்ல, மின் மோட்டாரின் உதவியில் இயங்கும் வகை என்று தெரிகிறது. இந்த அமைப்பில், நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும் விசையைத் தண்டில் உள்ள ஒரு சென்சார் அளக்கிறது. அந்த அளவைப் பார்த்து ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாருக்கு மின்சாரம் அனுப்புகிறது. மோட்டார் உங்கள் கைக்கு உதவுகிறது. சென்சார் தரும் அளவு நம்பத் தகாததாக இருந்தாலோ, வந்து சேரும் மின்னழுத்தம் ஒரு எல்லைக்குக் கீழே விழுந்தாலோ, தவறான திசையில் உதவிவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பெட்டி உதவியை முழுவதுமாக நிறுத்திவிட்டு விளக்கை எரியவிடும். சாவியை அணைத்துப் போட்டால் அது தன்னை மறுபடியும் சோதித்துக்கொண்டு, அந்த நேரத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தால் பழையபடி வேலையைத் தொடங்கும். சரியாகிவிட்டது என்று உங்களுக்குத் தோன்றியது இதுதான். பழுது அங்கேயேதான் இருக்கிறது.

மோட்டாரின் உதவி நின்றாலும், ஸ்டியரிங்குக்கும் சக்கரங்களுக்கும் இடையில் உள்ள இரும்பு இணைப்பு அப்படியேதான் இருக்கும். ஆகவே, இறுகிய ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பலமாகத் திருப்பினால் வண்டி திரும்பும். ஓட்டக் கூடாது என்பதையும் மீறி, பழுது நீங்குவதற்குள் யாராவது இந்த வண்டியை அவசரத்துக்கு எடுக்க நேர்ந்தால், அவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்: ஓடும்போது சாவியை அணைக்கவே கூடாது, ஏனென்றால் இஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் சில அழுத்தங்களோடு தீர்ந்துவிடும், சாவி பூட்டு நிலைக்குப் போய்விட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளலாம். வேகத்தைக் குறைத்து, கீழ் கியருக்கு மாறி, நான்கு பக்க விளக்கைப் போட்டு, மலைச்சரிவின் உட்பக்கமாக நிறுத்திய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். இதற்கு நேர்மாறாக ஸ்டியரிங் தளர்ந்துபோவது, கையில் ஆட்டம் கொடுப்பது, திருப்பும்போது லொடக்கென்று சத்தம் வருவது போன்ற அறிகுறிகள் தெரிந்தால் அது டை ராட் எண்டு, பால் ஜாயின்ட் போன்ற இரும்பு இணைப்புகளின் தேய்மானம். அந்த நிலையில் இணைப்பே கழன்றுவிடலாம் என்பதால், வண்டியை ஓரடி கூட நகர்த்தக் கூடாது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. எனினும் வண்டியைத் தூக்கி நிறுத்தும்போது இவற்றையும், ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ரேக் என்ற தண்டின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லும் முள்ளும் உள்ள தோட்டப் பாதைகளில் அந்த உறை கிழிவது சாதாரணம்.

சர்வீஸ் சென்டர் சொல்லும் இரண்டு காரணங்களையும் நீங்கள் எழுதிய அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முதலில் டயர். பெரிய, அகலமான டயர் ஸ்டியரிங் மோட்டாரின் சுமையைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சுமை தன்னைக் காட்டும் விதம் வேறு. பாறையிலோ சேற்றிலோ மிக மெதுவாக, திரும்பத் திரும்ப முழு வளைவில் திருப்பும்போது மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சூடேறி, உதவி படிப்படியாகக் குறையும். சிறிது நேரம் ஆறவிட்டால் தானாகவே திரும்பி வரும். உங்களுக்கோ, தார்ச்சாலையில் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒரே நொடியில் உதவி நின்று, விளக்கும் எரிந்திருக்கிறது. ஆறவிடாமலேயே, சாவியை அணைத்துப் போட்டவுடன் திரும்பியும் இருக்கிறது. இது சூடேறிய மோட்டாரின் நடத்தை அல்ல. டயர் காரணமாக ஏதாவது ஒரு பாகம் நாளடைவில் கெட்டிருக்கலாம் என்று அவர்கள் வாதிடலாம். அப்படியானால் கெட்ட பாகம் எது என்பதை அவர்கள்தான் காட்ட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஒரு கனெக்டருக்குள் நீர் கசிந்து, பின்களில் பச்சை படிந்து, தொடர்பு விட்டு விட்டு அறுந்தால், திடீரென்று நின்று திடீரென்று திரும்பும் இதே அறிகுறி வரலாம். ஆகவே அவர்கள் சொல்வதை முழுவதும் தள்ளிவிட முடியாது. ஆனால் தண்ணீர் போனது உண்மையென்றால் அதன் தடம் கண்ணால் பார்க்கக் கூடியது. கனெக்டரைக் கழற்றினால் துருவும் பச்சையும் தெரியும், புகைப்படம் எடுக்கலாம். படம் இல்லாமல் தண்ணீர் என்று வாயால் மட்டும் சொன்னால் அதை நான் ஒரு கண்டுபிடிப்பாக ஏற்க மாட்டேன், நீங்களும் ஏற்க வேண்டாம்.

அவர்கள் சொல்லாத மூன்றாவது காரணம்தான் எனக்கு முதலில் தோன்றுகிறது. இரண்டு முறையும் மாலை நேரம், இரண்டு முறையும் இறக்கம். கீழ் கியரில் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இறங்கி, வளைவில் கிளட்சையும் மிதித்தால் இஞ்சின் மிகக் குறைந்த சுழற்சிக்கு வந்துவிடும். அந்தச் சுழற்சியில், இஞ்சினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரமும் குறைவு. பனிமூட்டத்தில் முகப்பு விளக்கு, பனி விளக்கு, வைப்பர், கண்ணாடியின் பனியை நீக்கும் விசிறி என எல்லாம் ஓடும். நீங்கள் கடிதத்தின் கடைசி வரியில் ஒதுக்கிவிட்ட எல்இடி பட்டையும் அன்று எரிந்திருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும் அந்தக் கணத்தில் மோட்டார் ஒரேயடியாகப் பல ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். ஆல்டர்னேட்டரோ பேட்டரியோ பலவீனமாக இருந்தாலும், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் கம்பி பாடியோடு இணையும் இடம் துருப்பிடித்திருந்தாலும் மின்னழுத்தம் அந்த ஒரு கணம் விழும். கட்டுப்பாட்டுப் பெட்டி உதவியை நிறுத்திவிடும். சர்வீஸ் சென்டரின் சமதளத்தில், பகல் வெளிச்சத்தில், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் பழுது தெரியாமல் போவதில் வியப்பில்லை.

ஆகவே விளக்குப் பட்டைக்குத் தொடர்பு இருக்காது என்று நீங்களாக முடிவு செய்துவிட வேண்டாம். அது பேட்டரியிலிருந்து நேரடியாக, தனி ஃபியூஸ், தனி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து இணைக்கப்பட்டு, எர்த்தும் தனியாக எடுக்கப்பட்டிருந்தால் கவலை குறைவு. அதற்குப் பதிலாக, வண்டியோடு வந்த ஒயர்க் கட்டைக் கீறி, இடையில் முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றியிருந்தாலோ, ஸ்டியரிங் பெட்டியின் எர்த் போல்ட்டிலேயே அதன் எர்த்தையும் மாட்டியிருந்தாலோ, டயரைவிடவும் தண்ணீரைவிடவும் அதுதான் உங்களுக்கு எதிரான வலுவான சான்று. வாரன்டி போய்விடுமே என்று பயந்து அதை இப்போது கழற்றி மறைக்காதீர்கள். சோதிக்கும் நாளில் அது இருந்தபடியே இருக்கட்டும். எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதை நீங்களே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய தடம் ஒயரில் எப்படியும் தெரியும். அதைவிட முக்கியமாக, உண்மையான காரணம் அந்தப் பட்டையாகவே இருந்து நீங்கள் அதை மறைத்துவிட்டால், 74,000 ரூபாய்க்குப் புது ஸ்டியரிங் மாட்டிய பிறகும் வண்டி அதே வளைவில் அதேபோல் இறுகும்.

வண்டி சர்வீஸ் சென்டரில் இறங்கும் அன்று, வேலையை ஏற்கும்போது அவர்கள் போடும் ஜாப் கார்டில் எழுதப்படும் வரிகள்தான் இனி வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. சர்வீஸ் அட்வைசர் வேலை நெருக்கடியில் 'ஸ்டியரிங் டைட்' என்று இரண்டே சொல்லில் எழுதிவிடுவார். அந்த இரண்டு சொற்களுக்கு அவர்கள் டயரில் காற்றுப் பிடித்துக் கொடுத்தாலே பதில் சொன்னதாக ஆகிவிடும். வாடிக்கையாளரின் புகார் என்ற இடத்தில் உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் தனித்தாளில் தமிழிலேயே எழுதி, ஜாப் கார்டு எண்ணைக் குறிப்பிட்டு, ஒரு நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி எழுதலாம்: "மலை இறக்கத்தில், குறைந்த வேகத்தில், முகப்பு விளக்குகள் எரியும்போது, வளைவில் ஸ்டியரிங் உதவி திடீரென்று முழுவதுமாக நின்றது, மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, சாவியை அணைத்துப் போட்டபின் சரியானது. இது இரண்டாவது முறை. முதல் முறைக்கான ஜாப் கார்டு எண் இது. நினைவகத்தில் உள்ள ஃபால்ட் கோடுகளை அழிப்பதற்கு முன் அச்செடுத்துத் தரவும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு முறை உதவியை நிறுத்தும்போதும் அதற்கான காரணத்தை ஒரு குறியீடாக நினைவில் வைத்துக்கொள்வது வழக்கம். பல வண்டிகளில் அப்போதைய மின்னழுத்தமும் வேகமும் கூடச் சேர்ந்து பதிவாகும். ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தினால் அவ்வளவும் அழிந்துவிடும். முதல் முறை போனபோது பழுது இல்லை என்றவர்கள் ஸ்கேன் செய்தார்களா, செய்திருந்தால் அந்த அறிக்கை எங்கே என்றும் கேளுங்கள்.

சோதனையின்போது கூடவே நிற்க அனுமதி கேளுங்கள். இஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். இஞ்சின் நின்ற இடத்தில் சும்மா ஓட, எல்லா விளக்குகளும் விசிறியும் போடப்பட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பிப் பிடிக்கும்போது அது எவ்வளவுக்கு இறங்குகிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் ஸ்டியரிங் பெட்டியின் எர்த்துக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மீட்டரை வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் சரியில்லை. விளக்குப் பட்டையை எரியவிட்டு ஒரு முறை, அதன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஒரு முறை என இரண்டு அளவுகளையும் எடுத்தால் அதன் பங்கு வெளிப்பட்டுவிடும். விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. 74,000 ரூபாய் எஸ்டிமேட் போடுவதற்கு முன் இந்தச் சோதனையை அவர்கள் செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி வாரன்டி மறுப்பு. நீங்கள் வாங்கிய வாரன்டி கையேட்டில், விலக்குகள் என்ற பகுதியை வரி வரியாகப் படியுங்கள். மாற்றம் செய்ததன் காரணமாக, அல்லது தவறான பயன்பாட்டின் காரணமாக ஏற்பட்ட பழுதுக்குப் பொறுப்பில்லை என்ற வகையில்தான் பெரும்பாலான கையேடுகள் எழுதப்பட்டிருக்கும். மாற்றம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. அந்த மாற்றத்தால்தான் இந்தப் பழுது வந்தது என்ற தொடர்பும் வேண்டும் என்பதே அந்த வாசகத்தின் பொருள். உங்கள் கையேட்டில் மாற்றம் செய்தாலே முழு வாரன்டியும் போகும் என்று எழுதியிருந்தால் உங்கள் நிலை சற்றுப் பலவீனமாகும். அப்போதும் அது நியாயமான நிபந்தனைதானா என்று கேட்க வழி உண்டு. தண்ணீர் விஷயத்தில் உங்களிடம் நல்ல பிடி ஒன்று இருக்கலாம். இத்தகைய வண்டிகளின் விளம்பரத்திலும் சிற்றேட்டிலும் எவ்வளவு ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்பதைப் பெருமையாக அச்சிடுவது வழக்கம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 குறைபாடு என்பதை வரையறுக்கும்போது, விற்பவர் எந்த வகையிலாவது உரிமை கொண்டாடிய தரத்திலிருந்து பொருள் குறைந்திருப்பதையும் குறைபாடாகவே கொள்கிறது. அச்சிட்ட ஆழத்துக்குள் உள்ள ஓடையைக் கடந்ததால் கனெக்டருக்குள் நீர் புகுந்தது என்றால், அது உங்கள் தவறான பயன்பாடு ஆகாது, வண்டியின் குறைபாடு. வாங்கியபோது கொடுத்த சிற்றேட்டைத் தேடி எடுங்கள். ஓடையின் ஆழத்தையும் ஒரு கோலால் அளந்து படம் எடுத்து வையுங்கள்.

டயர் விஷயத்தில் உங்களுக்கு இனிப்பாக எதையும் சொல்ல முடியாது. தயாரிப்பாளர் குறித்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதைக் கண்டிப்பாகவே விளக்கியிருக்கிறது. உங்கள் டயர் அளவு, அதே மாடலுக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளில் ஒன்றாக இருந்தால் சிக்கல் இல்லை. இல்லையென்றால் சோதனையும் படமெடுப்பதும் முடிந்த பிறகு பழைய டயர்களையே மாட்டிவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் விபத்து நேரத்தில் இழப்பீட்டுக்கும் தடையாக வந்து நிற்கும். இந்தப் பழுதைப் பொறுத்தவரை, இயந்திர, மின் பழுதுகள் சாதாரண வாகனக் காப்பீட்டில் வராது என்பதால் அந்தப் பக்கம் போக வேண்டியதே இல்லை.

சர்வீஸ் சென்டரின் ஒர்க்ஸ் மேனேஜருக்கும், தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே நாளில் கடிதம் எழுதுங்கள். மின்னஞ்சலிலும் அனுப்பி, ஒப்புகை கிடைக்கும் அஞ்சலிலும் அனுப்புங்கள். கெட்டுப்போன பாகம் எது, ஃபால்ட் கோடு என்ன, டயரோ தண்ணீரோ அந்தப் பாகத்தை எப்படிக் கெடுத்தது, அதற்கான படம் எங்கே, கையேட்டின் எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டு, பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். கோபம், மிரட்டல், முன்பு நடந்த வாக்குவாதம் எதையும் அதில் எழுத வேண்டாம். வாயால் மறுப்பவர்கள் எழுத்தில் மறுக்கத் தயங்குவதை இந்தத் தொழிலில் நான் அடிக்கடி பார்க்கிறேன். எழுத்தில் கேட்டவுடன் கோப்பு டீலரிடமிருந்து நிறுவனத்தின் வட்டார சர்வீஸ் அதிகாரியிடம் போகும். வாரன்டியை ஏற்கும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கிறது, உங்களோடு வாதாடிக்கொண்டிருக்கும் அட்வைசரிடம் அல்ல. இந்த மாடலின் ஸ்டியரிங்குக்கு நிறுவனம் ஏதாவது சர்வீஸ் சுற்றறிக்கையோ, திரும்பப் பெறும் அறிவிப்போ வெளியிட்டிருக்கிறதா என்று உங்கள் சேசிஸ் எண்ணைக் கொடுத்து அதே கடிதத்தில் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவின்படி, ஒரே வகைப் பாதுகாப்புக் குறைபாடு பல வண்டிகளில் தெரிந்தால் அவற்றைத் திரும்பப் பெறுமாறு அரசு உத்தரவிட முடியும். ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளின் உரிமையாளர்கள் மத்திய அரசின் வாகன இணையதளத்தில் புகாரைப் பதியலாம். உங்கள் ஒருவரின் புகாரால் எதுவும் நடந்துவிடாது என்றாலும், ஸ்டியரிங் பழுது என்பதால் அதைப் பதிவு செய்வது மற்ற மலைச்சாலை ஓட்டுநர்களுக்கும் செய்யும் கடமை என்று கருதுகிறேன்.

அறுவடை நேரம், வண்டி இல்லாமல் முடியாது, பணத்தைக் கட்டியாவது எடுத்துவிட வேண்டும் என்ற நிலை வந்தால் கட்டுங்கள். ஆனால் பில்லிலும் உங்கள் நகலிலும் 'வாரன்டி உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அப்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது: வாரன்டியில் மாற்றினால் பழைய பாகம் நிறுவனத்துக்குப் போய்விடும், நீங்கள் காசு கொடுத்து மாற்றினால் பழைய பாகம் உங்களுடையது. அதைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்கி, அதிலுள்ள எண் தெரியும்படி படம் எடுத்து, பெட்டியில் வைத்து ஒட்டி, தேதியிட்டு வீட்டில் வையுங்கள். பிற்பாடு நிபுணர் யாராவது பார்க்க வேண்டுமென்றால் பார்ப்பதற்கு அது ஒன்றுதான் இருக்கும்.

பழுது பார்த்தபின், திருப்தி என்று கையெழுத்துக் கேட்பார்கள். ஓட்டிப் பார்க்காமல் போட வேண்டாம். இந்த வகை ஸ்டியரிங்கை மாற்றினால் விசையளக்கும் சென்சாரையும் கோணம் அளக்கும் சென்சாரையும் ஸ்கேனர் மூலம் மறுபடியும் சுழியத்தில் நிறுத்த வேண்டும், வீல் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும். இரண்டும் செய்ததற்கான அறிக்கை பில்லோடு இருக்கட்டும். சோதனை ஓட்டம் மாலையில், விளக்குகள் எரிய, அவர்களுடைய டெக்னீஷியன் ஓட்டுநர் இருக்கையில் இருக்க, ஆளில்லாத மைதானம் ஒன்றில் மெதுவாக முழு வளைவுகளைத் திருப்புவதில் தொடங்கட்டும். அது தேறிய பிறகுதான் மலைப்பாதை.

புது வண்டி கேட்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கேட்கலாம், ஆனால் இந்த நிலையில் கிடைப்பது கடினம். வாரன்டி பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோதான் உறுதி தருகிறது என்றால், முழு வண்டியையும் மாற்றித்தர உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் ஒரு கார் வழக்கில் கூறியிருக்கிறது. பலமுறை சரிசெய்தும் தீராத, உற்பத்தியிலேயே உள்ள குறை என்று நிபுணர் அறிக்கையோடு நிரூபித்தால் நிலைமை மாறும். இப்போதைக்கு நீங்கள் கேட்க வேண்டியது இலவசப் பழுதுநீக்கம், மாற்றிய ஸ்டியரிங்குக்கு நீட்டித்த வாரன்டி, வண்டி நின்ற நாட்களுக்கான இழப்பீடு ஆகியவைதான். மாற்றிய பாகத்துக்குப் பொதுவாக மீதமுள்ள வாரன்டிக் காலம் மட்டுமே கிடைக்கும் என்பதால் நீட்டிப்பை எழுத்தில் கேட்டு வாங்குவது அவசியம்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். வழக்குக்குப் போகாமலே சில சமயம் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வண்டியைச் சேலத்தில் வாங்கியிருந்தாலும், 2019 சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் தருமபுரி மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையத்தின் வரம்புக்குள் வரும். பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை விலையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் 400 ரூபாய்தான். டீலரையும் தயாரிப்பு நிறுவனத்தையும் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் பழியை அவர்மீது போட்டுவிட்டு விலகிக்கொள்வார். தோட்டத்துக்குப் பயன்படுத்துவதால் இது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே அல்ல என்ற வாதம் நிச்சயம் வரும். சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கித் தானே பயன்படுத்துபவரைச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. வண்டி உங்கள் பெயரில் இருப்பதும், தோட்டமே குடும்ப வருமானம் என்பதும் இதற்குத் துணை நிற்கும். பொருளைச் சோதிக்காமல் குறையைத் தீர்மானிக்க முடியாதபோது தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பர்கூரிலும் தருமபுரி செட்டிக்கரையிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் இயந்திரவியல் துறையைப் போன்ற, இரு தரப்பையும் சாராத ஓரிடத்தில் ஆய்வு நடக்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். மனுவை எழுதும்போது நுகர்வோர் வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்வது நல்லது.

வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. அதை இரண்டாவது மறுப்பிலிருந்து கணக்கிடாமல், ஸ்டியரிங் முதல் முறை இறுகியபோது போட்ட ஜாப் கார்டின் தேதியிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்த முதல் ஜாப் கார்டின் நகல் உங்களிடம் இல்லையென்றால், வண்டியை ஏற்றி அனுப்புவதற்கு முன்பே சர்வீஸ் சென்டருக்கு எழுதி அதை வாங்கி வையுங்கள்.